பாக் நீரிணையில் எதை முதலில் இணைப்பது?

இந்தியாவும் இலங்கையும் கடந்த சில ஆண்டுகளில் வெளியிட்ட கூட்டறிக்கைகளைச் சேர்த்துப் படித்தால் மலைப்பாக இருக்கும். 2023 ஜூலையில் வெளிவந்த ஆவணத்தில் தரைவழிப் பாலத்துக்கான ஆய்வு இடம்பெற்றது. 2024 டிசம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க டெல்லிக்கு வந்தபோது மின்கட்டமைப்பு இணைப்பு, எரிபொருள் குழாய், பயணிகள் கப்பல், விரிவான வர்த்தக ஒப்பந்தம் எல்லாம் ஒரே அறிக்கையில் வந்தன. அடுத்த ஏப்ரலில் பிரதமர் மோடி கொழும்பு சென்றபோது மின் இணைப்புக்கு ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கை கையெழுத்தானது.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்து, இப்போதுதான் எழுந்து நிற்கிற நாடு இலங்கை. அரசியல் துணிவும் பணத்தைப் போலவே அளவாகத்தான் கிடைக்கும். ஒன்றில் செலவழித்துவிட்டால் மற்றொன்றுக்கு இருக்காது. ஆகவே எது முதலில் என்ற கேள்விக்கு நேரடியாக விடை தேட வேண்டும். வர்த்தக ஒப்பந்தம், பாலம், கப்பல், மின்கம்பி ஆகிய நான்கையும் எடைபோட நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் எளிமையானது. சாதாரண மனிதருக்கு எவ்வளவு விரைவில் பயன் கிடைக்கும்? நாளை இரு அரசுகளுக்கும் மனக்கசப்பு வந்தால் சிறிய நாடு எவ்வளவு இழக்கும்?

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் வழியாக எல்லா அண்டை நாடுகளும் சேர்ந்தே முன்னேறலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல ஆசைதான். ஆனால் 1985இல் டாக்காவில் பிறந்த அந்த அமைப்பின் கடைசி உச்சி மாநாடு 2014இல் காத்மாண்டுவில் நடந்தது. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்கவேண்டிய மாநாடு ரத்தானதோடு நின்றுவிட்டது. தெற்காசிய நாடுகளின் மொத்த வணிகத்தில் தமக்குள் நடத்துவது ஏறத்தாழ 5 சதவீதம்தான். தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பான ஆசியான் நாடுகளில் இது கால் பங்கை ஒட்டியது. வங்காள விரிகுடாவைச் சுற்றிய நாடுகளின் பிம்ஸ்டெக் அமைப்போ 2004இல் தடையற்ற வர்த்தகத்துக்கு வரைவுச் சட்டகம் போட்டும் இன்றுவரை ஒப்பந்தத்தை எட்டவில்லை. டெல்லிக்கும் இஸ்லாமாபாத்துக்கும் இடையிலான பிணக்கு தீரும்வரை யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் காத்திருக்கவேண்டிய அவசியமில்லை.

வர்த்தக ஒப்பந்தம்

இதில் இரு நாடுகளுக்கும் பழைய அனுபவம் இருக்கிறது. அதைப் பேசாமல் புதிய ஒப்பந்தத்தைப் பேசுவது நியாயமல்ல. 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தடையற்ற வர்த்தக ஒப்பந்தம், தெற்காசியாவில் அந்த வகையில் முன்னோடி. அதன்பின் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு ஏற்றுமதி பல மடங்கு பெருகியது என்பது உண்மை. பெருகியது எது என்று பார்த்தால்தான் கதை புரியும். பெரும்பங்கு வனஸ்பதியும் செம்புப் பொருள்களும். இலங்கையில் பாமாயிலுக்கும் செம்புக்கும் இறக்குமதி வரி குறைவு, இந்தியாவில் அதிகம். அந்த இடைவெளியைப் பயன்படுத்த இந்திய முதலீட்டாளர்களே இலங்கையில் ஆலை போட்டு, மூலப்பொருளைப் பதப்படுத்தி, வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இந்திய உற்பத்தியாளர்கள் கூக்குரலிட்டதும் வனஸ்பதிக்கு உச்சவரம்பு வந்தது. இந்தியாவில் வரியும் குறைந்தபோது ஆலைகள் மூடப்பட்டன. வேலைவாய்ப்பு வந்த வேகத்திலேயே போயிற்று.

இலங்கை உண்மையாகவே திறமை காட்டும் பொருள்களுக்கு என்ன கிடைத்தது? தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ வரம்பு. ஆடைகளுக்கு 80 லட்சம் உருப்படிகள் வரம்பு. அதிலும் பெரும்பகுதி இந்தியத் துணியில் தைத்ததாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை. அவற்றைக் கொண்டுவரவும் தொடக்கத்தில் குறிப்பிட்ட சில துறைமுகங்கள் மட்டுமே. வாசலைத் திறந்துவிட்டுத் தாழ்வாரத்தில் பூட்டுப் போட்ட மாதிரி. அதனால்தான் 2008இல் அடுத்த கட்ட ஒப்பந்தம் கையெழுத்தாக இருந்த தறுவாயில் கொழும்பு வணிகர்கள் எதிர்த்து எழுந்தார்கள். அது கிடப்பில் போடப்பட்டது. 2015க்குப் பிறகு வேறு பெயரில் தொடங்கிய பேச்சு, இடையில் ஐந்தாண்டு நின்று, 2023இல் மீண்டும் தொடங்கி, பதினான்கு சுற்றுகளைத் தாண்டியும் முடியவில்லை. அரசாங்க மருத்துவ அதிகாரிகள் சங்கம் வீதியில் இறங்கி எதிர்த்ததும் இந்த ஒப்பந்தத்தைத்தான்.

அந்த எதிர்ப்பில் மிகை இருக்கலாம். அச்சம் வெறும் கற்பனையல்ல. ஒரு நாட்டில் 140 கோடிப் பேர். இன்னொன்றில் சுமார் 2.2 கோடி. சேவைத் துறையைத் திறந்தால் யாருக்குச் சந்தை கிடைக்கும் என்று கொழும்பில் ஒரு கணக்காளர் கேட்பது இயல்பு. எனவே இது வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை முதல் அடியாக வைத்தால் மற்ற எல்லாமும் இதோடு சேர்ந்து சிக்கிக்கொள்ளும் என்கிறேன். இடைக்காலத்தில் பழைய ஒப்பந்தத்தின் வரம்புகளை இந்தியா தானாக முன்வந்து நீக்கலாம். இந்தியச் சந்தையின் அளவுக்கு 80 லட்சம் ஆடை ஒரு பொருட்டா? பேச்சுவார்த்தைச் சுற்றுகள் பத்து செய்யாத நம்பிக்கையை அந்த ஓர் அறிவிப்பு செய்யும்.

பாலம்

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஏறத்தாழ 25 முதல் 30 கிலோமீட்டர்தான். கடல் ஆழமில்லை. சென்னை எழும்பூரில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போன காலம் ஒன்று இருந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலை இலங்கையின் உள்நாட்டுப் போர் நிறுத்தியது. அந்த நினைவு இருக்கும்வரை பாலம் என்ற சொல்லுக்குத் தமிழ் மனத்தில் ஒரு துடிப்பு இருக்கும். எனக்கும் இருக்கிறது.

ஆனாலும் நான்கில் கடைசி இடத்தைத்தான் இதற்குத் தருவேன். 2015இல் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி இதற்குச் சுமார் 24,000 கோடி ரூபாய் என்று ஒரு மதிப்பைச் சொன்னார்; ஆசிய வளர்ச்சி வங்கி நிதி தர ஆயத்தமாக இருப்பதாகவும் சொன்னார். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று இலங்கை அரசு மறுத்தது. தென்னிலங்கையில் பாலம் என்றாலே குடியேற்றம், கடத்தல், நோய் என்ற அச்சங்கள் எழுகின்றன. நோய் என்பதை அலட்சியப்படுத்த வேண்டாம். 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார அமைப்பின் சான்று பெற்ற நாடு இலங்கை. தீவாக இருப்பது அதற்கு ஓர் அரண். இந்தப் பக்கமோ மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பவளப்பாறைகள், கடற்புல் மேய்ச்சல் நிலங்கள், ஆவுளியா என்ற கடற்பசு. அவற்றோடு ராமர் பாலம் குறித்த நம்பிக்கை. 2005 ஜூலையில் மதுரையில் தொடங்கிவைக்கப்பட்ட சேதுசமுத்திரத் திட்டம், அந்த மணல்திட்டுகளைத் தொடக்கூடாது என்ற உச்சநீதிமன்றத் தடையால் 2007இல் நின்றதை நாம் கண்டிருக்கிறோம்.

இவை எல்லாம் தீர்ந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சும். பாலம் இருந்தால் லாரி ஓடுமா? இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இடையில் கடலே இல்லை. பெட்ராபோல்–பெனாபோல் எல்லையில் சாலை நேராகப் போகிறது. அங்கும் லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நிற்கின்றன. எல்லையில் சரக்கை இறக்கி வேறு லாரியில் ஏற்றுகிறார்கள். வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் நான்கும் 2015 ஜூனில் திம்புவில் வாகனப் போக்குவரத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பூட்டான் நாடாளுமன்றத்தின் மேலவை அதை ஏற்கவில்லை. சின்ன நாட்டின் சாலைகளை அயல்நாட்டு லாரிகள் நிறைத்துவிடும் என்ற கவலை. சாலை இருந்தும் அனுமதி இல்லாத நிலை அங்கே. அனுமதிக்கு வழிவகை தேடாமல் 24,000 கோடியைக் கடலில் ஊன்றுவது சரியான வரிசை அல்ல.

கப்பல்

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்கும் இடையில் கப்பல் தொடங்கியபோது இரு கரையிலும் மகிழ்ச்சி. சில நாள்களில் நின்றது. 2024 ஆகஸ்டில் வேறு கப்பலோடு மீண்டும் தொடங்கி, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நின்று, 2025 பிப்ரவரியில் மறுபடி ஓடியது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். 2011இல் தூத்துக்குடி–கொழும்பு கப்பல் சில மாதங்களிலேயே நட்டத்தால் நின்றதை நினைத்தால், இந்தத் தடுமாற்றம் புதிதல்ல. பயணிகளை மட்டும் நம்பி இந்தக் கடலில் கப்பல் நடத்த முடியாது.

சரக்கு ஏற்றினால் கணக்கு மாறும். தமிழ்நாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போகும் பொருள் இன்று கொழும்பில் இறங்கி, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் லாரியில் வடக்கே ஏறுகிறது. காங்கேசன்துறையில் நேராக இறங்கினால் சிமெண்டும் இயந்திர உதிரிப்பாகங்களும் என்ன விலைக்குக் கிடைக்கும் என்பது வடக்கில் வீடு கட்டும் ஒவ்வொருவருக்கும் தெரிந்த ஏக்கம். அந்தத் துறைமுகத்தைச் சீரமைக்க 6.15 கோடி டாலரை மானியமாகத் தர இந்தியா ஒப்புக்கொண்டிருக்கிறது. நிலையான சுங்க அலுவலகமும் தாவர நோய்த்தடுப்புப் பரிசோதனையும் அங்கே வரவேண்டும். எச்சரிக்கை ஒன்று: யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயம் அறுவடையாகும் வாரங்களில் இந்திய வெங்காயம் குவிந்தால் விவசாயி நடுத்தெருவில் நிற்பார். இறக்குமதி வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் இலங்கை விதிக்கும் விசேட பண்ட வரி அந்த மாதங்களில் தொடர்வதை இந்தியா முணுமுணுக்காமல் ஏற்கவேண்டும்.

செலவு குறைவு, தோற்றால் இழப்பும் குறைவு. ஆகவே கப்பலை வேறெதற்கும் போட்டியாக வைக்கத் தேவையில்லை. கூடவே நடக்கட்டும்.

மின்கம்பி

மதுரையிலிருந்து மன்னார் வழியாக அநுராதபுரம் வரை உயர் அழுத்த நேர்மின் (DC) இணைப்பு. முதலில் 500 மெகாவாட், பிறகு 1000 என்று இருபது ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. என் தேர்வு இதுவே. காரணங்களைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும்.

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. எரிபொருள் வாங்க டாலர் இல்லாததே காரணம். 2025 பிப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏற்படுத்திய கோளாறில் நாடு முழுவதும் இருண்டது. உலகம் குரங்கைப் பற்றிப் பேசியது. உண்மையான சிக்கல் வேறு. விடுமுறை நாள் என்பதால் மின்தேவை குறைவு. வெயில் நல்ல வெயில், கூரைச் சூரியத் தகடுகள் நிறைய உற்பத்தி செய்தன. அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் கனமான சுழலும் இயந்திரங்கள் குறைவாக ஓடின. அதே ஆண்டு ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைத் தகடுகளைப் பகலில் அணைத்து வைக்கும்படி மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. கடன் வாங்கித் தகடு போட்ட குடும்பங்களிடம் சூரியனைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்ல நேர்வது வேதனையான நிலை.

சிறிய, தனித்த மின்கட்டமைப்பின் நோய் இது. இலங்கையின் உச்சத் தேவை சுமார் 2,700 மெகாவாட். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் உள்ள 300 மெகாவாட் இயந்திரங்களில் ஒன்று திடீரென நின்றாலே ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். இந்தியாவின் உச்சத் தேவை 2024 மே மாதத்தில் 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. ஒரு ஞாயிறு மதியம் இலங்கைக்கு மிஞ்சும் மின்சாரம் இந்தக் கடலில் ஒரு துளி. இலங்கை தவிக்கும் மாலையில் அது கேட்கும் மின்சாரமும் அப்படியே. பகலில் வெயில் இரு நாட்டுக்கும் ஒன்றுதான், தென்மேற்குப் பருவக்காற்று மன்னாரிலும் ஆரல்வாய்மொழியிலும் ஒரே காலத்தில்தான் வீசுகிறது. ஆகவே ஒருவர் மிச்சம் மற்றவர் குறையை நிரப்பும் என்று யாராவது சொன்னால் அது பாதி உண்மை. பயன், அளவு வேற்றுமையில் இருக்கிறது. மேலும் நேர்மின் இணைப்பாக இருப்பதால் இரு கட்டமைப்புகளும் ஒரே துடிப்பில் இயங்கவேண்டியதில்லை. ஒரு பக்கக் கோளாறு மறுபக்கம் பாயாது. ஆபத்து நொடியில் கைகொடுக்கவும் செய்யும்.

இதைச் செய்து பார்த்த அண்டை நாடுகள் இருக்கின்றன. பூட்டான் இந்திய உதவியுடன் கட்டிய சுக்கா, தாலா, மாங்தேச்சு நீர்மின் நிலையங்கள் அந்த நாட்டு வருமானத்தின் தூண்கள். குளிர்காலத்தில் ஆறு வற்றும்போது அதே கம்பியில் அது மின்சாரம் வாங்குகிறது. நேபாளத்தின் கதை இன்னும் நெருக்கமானது. நாளுக்குப் பதினாறு மணிநேரத்துக்கும் மேல் மின்வெட்டைப் பார்த்த நாடு அது. 2016இல் தல்கேபர்–முசாஃபர்பூர் கம்பித்தொடர் வழியாக இந்திய மின்சாரம் வந்தது. அதே ஆண்டு மின்வாரியத் தலைவராக வந்த குல்மான் கீசிங் சில ஆலைகளுக்கு இரகசியமாகக் கிடைத்த சலுகை விநியோகத்தை நிறுத்தினார். காத்மாண்டுவில் விளக்கு நின்று எரிந்தது. 2021 நவம்பரில் நேபாளம் 39 மெகாவாட்டோடு இந்தியச் சந்தையில் விற்கத் தொடங்கியது. 2024 ஜனவரியில் பத்தாண்டுகளில் 10,000 மெகாவாட் வரை வாங்க இந்தியா ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் இந்தியக் கம்பி வழியாக நேபாள மின்சாரம் வங்கதேசத்தைத் தொட்டது. வெறும் 40 மெகாவாட்தான். ஆனால் மூன்று நாடுகள் சேர்ந்து ஒரு பொருளை விற்று வாங்கியதை சார்க் முப்பது ஆண்டுகளில் சாதிக்கவில்லை.

அதே அயலிலிருந்து எச்சரிக்கைகளும் வருகின்றன. வங்கதேசம் ஜார்க்கண்டின் கோட்டா நிலையத்தோடு 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. ஒரே நிறுவனம், 1,600 மெகாவாட். பாக்கி சேர்ந்தபோது 2024 இறுதியில் விநியோகம் பாதியாகக் குறைந்தது, விலையும் சர்ச்சையானது. நேபாளத்தில் சீன முதலீடோ சீன ஒப்பந்ததாரரோ சம்பந்தப்பட்ட நிலையங்களின் மின்சாரத்தை இந்தியா வாங்க மறுக்கிறது. நுரைச்சோலையைக் கட்டியது சீனா என்பதை மறக்கக்கூடாது. பொதுக் கட்டமைப்பில் கலந்த மின்சாரத்தில் எது நுரைச்சோலையுடையது என்று பிரிக்க வழியில்லை. இதை இப்போதே எழுத்தில் தீர்க்காவிட்டால், இலங்கை வாங்க மட்டுமே முடியும், விற்க முடியாது என்ற நிலை வந்துவிடும்.

ஆகவே நிபந்தனைகளோடு என் வாக்கு. முதல் கட்டம் 500 மெகாவாட்டைத் தாண்ட வேண்டாம். திடீரென அறுந்தாலும் தாங்கிக்கொள்ளக்கூடிய அளவு அது. கம்பி இரு நாட்டு அரசு நிறுவனங்களின் உடைமையாக இருக்கட்டும்; தனியாரிடம் போனால் தென்னிலங்கையின் ஐயம் மீண்டும் எரியும். மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாட் காற்றாலைத் திட்டத்திலிருந்து 2025 பிப்ரவரியில் அதானி குழுமம் விலகியதன் பின்னணியில் விலைத் தகராறும் உள்ளூர் எதிர்ப்பும் இருந்தன. மின்சாரம் நீண்ட கால ஒற்றை விற்பனையாளரிடமிருந்து அல்லாமல் பெரும்பகுதி மின்சந்தையில் வாங்கப்பட வேண்டும். சீனா கட்டியது என்பதற்காக நுரைச்சோலை கலந்த மின்சாரத்தை மறுப்பதில்லை என்ற விலக்கு ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே வரவேண்டும்.

படகுகள்

இந்த நான்கைப் பற்றியும் தலைநகரங்களில் பேசுகிறவர்கள் ஐந்தாவதைத் தனிப் பிரச்சினையாக ஒதுக்கிவிடுகிறார்கள். 2024இல் மட்டும் 500க்கும் மேற்பட்ட தமிழக மீனவர்களை இலங்கைக் கடற்படை கைது செய்தது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் உள்ள மீனவர்களோ போர்க்காலத்தில் கடலுக்குப் போக முடியாமல் இழந்ததை இப்போதுதான் மீட்க முயல்கிறார்கள். இரவில் தமிழகத்தின் இழுவைமடிப் படகுகள் (கடலடியைச் சுரண்டும் வலை கொண்டவை) வந்து வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. இரு பக்கமும் தமிழர். இரு பக்கமும் கடனில் இருப்பவர்கள். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. இந்தியா அதே ஆண்டு 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்ற 1,600 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. அது இலக்கில் சிறுபகுதியைத்தான் எட்டியது. ஒரு படகுக்குப் பெரும்பங்கு மானியம் என்றாலும் மீதியைக் கடன் வாங்கிப் போட மீனவர் அஞ்சினார்; பாக் நீரிணைக்குப் பழகியவருக்கு வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் தொழில் வேறு.

மின்கம்பி இந்தக் கடலடியில்தான் போகும். கடலடியைச் சுரண்டும் வலை ஓடுகிற இடத்தில் கேபிளைப் பாதுகாக்கச் செலவாகும். அதைவிட, கம்பி வழியாக மின்சாரம் போகிறது, என் படகு மட்டும் காங்கேசன்துறையில் கட்டிக்கிடக்கிறது என்று இராமேஸ்வரத்து மீனவரும், அவர்களுக்கு மின்சாரம் விற்கிறீர்கள், எங்கள் வலைக்கு யார் பணம் தருவது என்று பருத்தித்துறை மீனவரும் கேட்டால் பதில் இருக்கவேண்டும். இணைப்புத் திட்டத்தின் செலவிலேயே இழுவைப் படகுகளை முழுமையாக விலைகொடுத்து வாங்கி உடைப்பதற்கும், அறுந்த வலைகளுக்கு ஈடு தருவதற்கும் ஒரு பங்கை ஒதுக்கலாம்.

அடுத்த பேச்சில் வைக்கவேண்டிய கோரிக்கைகள் இவை: மதுரை–அநுராதபுரம் இணைப்பின் ஆய்வறிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் பொதுவில் வெளியிடுவது, காங்கேசன்துறையில் சரக்குக்குச் சுங்க அனுமதி, தேயிலைக்கும் ஆடைக்கும் உள்ள வரம்பை இந்தியா நீக்குவது, படகு வாங்கும் நிதிக்குத் தொகையும் தேதியும். பாலத்துக்கான ஆய்வு நடக்கட்டும். அடிக்கல் நாட்டு விழா இப்போது வேண்டாம்.